கேள்வி இல்லாத பேட்டித் தட்டு

ஜனவரி 6

சின்னவளுக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவின் இருமல் குறைந்ததா?

போன ஞாயிறு பழைய சாமான் சந்தைக்குப் போனேன். போகாதே என்றாள் உன் அண்ணி. அவள் சொல்லி நான் போகாமல் இருந்த நாள் உண்டா? அங்கே இசைத்தட்டு விற்கிற ஆளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் எச்சில்கை. எந்தத் தட்டைக் கேட்டாலும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அதை வைத்தே தட்டைத் தேய்த்து, "பளபளன்னு இருக்கு பாருங்க சார்" என்பான். அவன் எச்சில் படாத தட்டு என் அலமாரியில் ஒன்றுகூட இல்லை என்று நினைத்தாலே குமட்டுகிறது. ஆனாலும் போகிறேன்.

அங்கே வருகிற மற்ற கிராக்கிகள் அவனைவிட மோசம். பாட்டு வாங்க வருகிறவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் மனுஷர்கள். என்னைப் போலப் பழைய பேட்டித் தட்டு சேர்க்கிற கூட்டம் இருக்கிறதே, அது பிணம் தின்கிற கூட்டம். கப்பல் மூழ்கிப் பிழைத்த ஒருவரின் பேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் எச்சில்கையிடம் கேட்கிறார்: "அழுவுற இடம் சுத்தமா இருக்கா, கீறல் விழுந்திருக்கா?" எனக்கு அவரை அறையத் தோன்றியது. அடுத்த நிமிஷம், போன மாதம் நானும் இதையேதான் வேறு வார்த்தையில் கேட்டேன் என்பது ஞாபகம் வந்தது. கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஒரு அட்டைப்பெட்டி முழுக்க எலி மூத்திர நாற்றம். அதன் அடியில் உறையில்லாத ஒரு தட்டு. போட்டுக் காட்டினான். ஒரு பெண் மூன்று வாக்கியம் பேசுகிறாள். பிறகு சத்தமே இல்லை. பிறகு மறுபடி மூன்று வாக்கியம். "கோளாறு தட்டு சார், சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான். சும்மா கிடைத்தால் நான் எதை விட்டேன்?

வீட்டுக்கு வந்து பூஞ்சையைக் கழுவினேன். நடுவில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் யாரோ ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார்கள். ஏதோ குழந்தை கிறுக்கியது போல. அதுதான் சீக்கிரம் போகவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டேன். இப்போது முகம் பார்க்கலாம். இன்னும் முழுசாகக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு என் வணக்கம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

✽

ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். அங்கே நீயும் அண்ணியும் உன் பூஞ்சைகளும் சுகம்தானே? உன் கடிதத்தை மோந்து பார்த்தேன். எலி வாசனை வந்தது போலிருந்தது. பிரமையாக இருக்கலாம்.

நல்ல செய்தி சொல்லட்டுமா? வானொலி நிலையத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அவர் அங்கே அறிவிப்பாளராக இருந்தபோது எடுத்த அந்தத் தையல் கூடத் தீ விபத்துப் பேட்டியைத் திரும்ப இசைத்தட்டாகவே வெளியிடப்போகிறார்கள். பழைய தட்டுக்கு இப்போது மறுபடி மவுசாம், உன்னைப் போன்றவர்களால்! ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் அப்பா பெயர். ஏப்ரல் கடைசியில் விழா. வீட்டில் இருக்கும் டேப்பிலிருந்துதான் எடுக்கிறார்கள். அப்பாவின் காரியங்களுக்கு இப்போது நான்தான் கையெழுத்து என்பதால் சம்மதக் கடிதம் நான் கொடுக்க வேண்டும்.

அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். வந்தவர்களுக்கு டேப்பைப் போட்டுக் காட்டினார். வழக்கம் போல, அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தது, கையெல்லாம் கட்டு, இவரே டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தது எல்லாம் சொன்னார். "கதவைப் பூட்டியது யார்?" என்று அவர் குரல் கேட்கிறது. "நான்தான். எனக்குப் பின்னாடி யாரும் வரல" என்று அவள் சொல்கிறாள். அதற்கப்புறம் அந்த மௌனம். அப்பா விரலைத் தூக்கிக்கொண்டார், அது முடிகிற வரைக்கும் இறக்கவில்லை. வந்த அதிகாரி, "சார், இந்த மௌனத்தை வெச்சுத்தான் நாங்க புதுசா வர்றவங்களுக்குப் பாடமே நடத்துறோம். கேள்வி கேக்குறவன் எங்க வாயை மூடணும்ங்கிறதுக்கு" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

விழாவில் மூத்த மகன் என்று நீ நாலு வார்த்தை பேச வேண்டும். இருமல் அப்படியேதான் இருக்கிறது. போன் செய்யாதே, உள்ளறைப் போனை எடுத்து அப்பாவும் கேட்டுக்கொண்டே இருப்பார். எதுவானாலும் எழுது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

சின்னவள்

✽

பிப்ரவரி 4

சின்னவளுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா?

இந்தக் கடிதத்தை அப்பா கண்ணில் படாமல் படி.

உன் கடிதம் வந்த அன்று அந்தக் கோளாறு தட்டைப் போட்டேன். கோளாறு இல்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நாம் சின்ன வயதிலிருந்து விருந்தாளி வரும்போதெல்லாம் கேட்டு வளர்ந்த குரல். இது அந்தத் தையல்காரப் பெண்.

லென்ஸை வைத்து, தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். தீ விபத்து நிவாரணக் குழு வெளியிட்டது. உயிர் பிழைத்தவர்களால் ஊர் ஊராகப் போய் வானொலியில் பேச முடியாது, உடம்பு வெந்து கிடந்தார்கள். அதனால் குழு ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பதில்களை மட்டும் பதிவு செய்து, ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, தட்டாக அடித்து எல்லா நிலையங்களுக்கும் அனுப்பியிருக்கிறது. கேள்விகளைத் தனியாக எழுதி அனுப்புவார்கள். அந்த வெற்றிடத்தில் உள்ளூர் அறிவிப்பாளர் கேள்வியை வாசித்தால், கேட்கிறவர்களுக்கு ஆள் எதிரே உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். அந்தக் காலத்தில் இது நடைமுறைதான். இப்படித் தட்டுகள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கையில் கிடைத்தது இதுதான் முதல் தடவை. பின்பக்கம் நம் ஊர் நிலையத்தின் முத்திரை இருக்கிறது.

ஆக, அப்பா அவளைப் பார்த்ததே இல்லை. தண்ணீரும் இல்லை, டம்ளரும் இல்லை. அது போகட்டும், பெருமைக்குச் சொன்னார் என்று விட்டுவிடலாம்.

தட்டில் அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "கடைசியா வெளிய வந்தது யாருன்னா கேக்குறீங்க? நான்தான். எனக்குப் பின்னாடி யாரும் வரல." பிறகு வெற்றிடம். பிறகு: "கதவ யாரு பூட்டினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சாவி சூப்பர்வைசர் இடுப்புலதான் இருக்கும். நான் ஜன்னல் வழியா விழுந்தேன்."

படித்துவிட்டாயா? இன்னொரு தடவை படி.

கேள்வியை மாற்றியிருக்கிறார். அவள் கேள்வியைத் திருப்பிச் சொன்ன வாக்கியத்தைத் தாண்டி, சரியாக "நான்தான்" மேல் ஊசியை இறக்கியிருக்கிறார். உள்ளே வெந்து செத்தவர்களை அவளே பூட்டிப்போட்டதாக அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார். அந்தப் பேர்பெற்ற மௌனம் இருக்கிறதே, பாடம் நடத்துகிறார்களாமே, அது அடுத்த கேள்விக்காகக் குழு விட்டுவைத்த காலி இடம். அவளுடைய அடுத்த பதிலை ஒலிபரப்பவே இல்லை.

என் அலமாரியைப் பார்த்தாலே வாந்தி வருகிறது. நான் துடைத்தேனே அந்த மஞ்சள் கோடு, வானொலிக்காரர்கள் ஊசி இறக்க வேண்டிய இடத்தை அப்படித்தான் குறித்து வைப்பார்கள். தட்டு சேர்க்கிறவன் எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அழுக்கைக் கண்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. கோடு எந்த இடத்தில் இருந்தது என்றுகூட இப்போது சொல்ல முடியவில்லை.

டேப் ஓடும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாளே, ஞாபகம் இருக்கிறதா?

சம்மதக் கடிதம் கொடுக்காதே.

அண்ணன்

✽

பிப்ரவரி 15

அண்ணாவுக்கு,

அப்பா நலம். நானும்.

நன்றாக இருக்கிறது. ஊரை விட்டுப் போய் வருஷக்கணக்காக ஒரு எட்டு வந்து பார்க்காதவன், எலி மூத்திரத்தில் ஒரு தட்டைப் பொறுக்கி எடுத்து, பெற்ற அப்பனைக் கூண்டில் ஏற்றுகிறாய். நிலையத்தில் எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள். ஊசி வைக்க ஒரு ஆள், எழுதிக் கொடுக்க ஒரு ஆள், மேலதிகாரி ஒருவர். கொடுத்த கேள்வியை அப்பா வாசித்திருப்பார். கோடு அப்பா போட்டது என்று யார் சொன்னது? அந்தக் கோடும் இப்போது இல்லை. நீயே துடைத்துவிட்டாய். பூஞ்சையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று அப்பாவின் மானத்தையும் சேர்த்துத் துடைக்கப் பார்க்கிறாய்.

அம்மா அடுப்படிக்குப் போனாள் என்றால் அடுப்பில் ஏதாவது இருந்திருக்கும்.

எனக்குக் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நீ கேட்டதில்லை. கேட்க வேண்டாம். காலையில் எழுந்ததும் அவர் சளிக் கிண்ணத்தைக் கழுவுகிறேன். பல்செட்டைக் கழுவுகிறேன். சாப்பிடும்போது வாயோரம் ஒழுகுவதைத் துடைக்கிறேன். வருஷக்கணக்காக ஒரு மனிதரின் எச்சிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா. நீ அருவருப்பைப் பற்றி எனக்கு எழுதுகிறாய்! அந்த வாயிலிருந்து ஒரு காலத்தில் ஏதோ நல்லது வந்தது, ஊரே காது கொடுத்துக் கேட்டது என்றாவது எனக்கு இருக்க வேண்டாமா?

அந்தத் தட்டை எனக்கு அனுப்பு. நானே கேட்டுக்கொள்கிறேன். நம்பிக்கை இல்லையென்றால் நீயே வைத்துக்கொள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சின்னவள்

✽

பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

நீ எழுதியதையெல்லாம் இரண்டு தடவை படித்தேன். கல்யாண விஷயம் உட்பட.

தட்டை இன்று பார்சலில் போட்டுவிட்டேன். இரண்டு மரப்பலகைக்கு நடுவில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். "ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதையும் தூக்கி அனுப்புறீங்களா? உங்களுக்கு மூளை இருக்கா?" என்றாள் உன் அண்ணி. தபாலில் உடையும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "தபாலைச் சொல்லல" என்றாள்.

என் தங்கையை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

அண்ணன்

✽

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். அண்ணியின் தோள்வலி தேவலையா?

மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பம்ப்பில் வாஷர் போயிருக்கிறது என்று வந்தவர் சொன்னார், மாற்றிய பிறகும் ஏறவில்லை. அப்பாவுக்குப் புதுப் பல்செட் அளவெடுத்தோம். விழாவில் பேசும்போது பழையது கழன்று விழுந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். மேல்தாடை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, ராவிக் கொடுப்பார்கள். நிலையத்திலிருந்து வந்து கல்வெட்டில் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் போடுவது என்று கேட்டார்கள். அப்பா இரண்டு நாள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மாடி அறை ஜன்னலில் குளவி கூடு கட்டியிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

சின்னவள்

✽

மார்ச் 19

சின்னவளுக்கு,

நலம். பல்செட்டும் பம்ப்பும் குளவியும் தெரிந்துகொண்டேன். பார்சல் வந்ததா?

நான் ஊருக்கு வந்திருந்தேன். ஆமாம், நம் ஊருக்குத்தான். உங்களைப் பார்க்க வரவில்லை, திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள். அந்தம்மாவைத் தேடி வந்தேன். தேட வேண்டிய வேலையே இல்லை. சலவைக்காரர்கள் தெருவில் ஒரு கடையில் தையல்கார அம்மா என்று கேட்டேன். கடைக்காரர், "யாரு, பூட்டுக்காரியா?" என்றார். ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்க அதுதான் பெயர். அவர் வாய்க்குள் வெற்றிலையோ என்னவோ, அதை மென்றுகொண்டே சொன்னார். எனக்கு அவர் வாயைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தப் பெயரை அந்த வாயில் வைத்தது யார் என்று நினைத்ததும் என் வாயே கசந்தது.

இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. தையல் மெஷின், ஒரு கட்டில், துணி மூட்டைகள். கதவில் பூட்டு கிடையாது, தாழ்ப்பாளைக்கூடக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். திருகாணி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. நான் என் வாயைத் திறந்து உரக்க "அம்மா" என்றதுமே அந்தம்மா தலையைத் தூக்கினார்கள்.

"நீங்க அந்த ரேடியோக்காரர் மகனா? அதே குரல்."

போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார்கள். அப்பாவைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "நான் எங்க பாத்தேன்? ஆஸ்பத்திரிய விட்டு வந்ததும் ஸ்டேஷனுக்குப் போயி வாசல்ல உக்காந்திருந்தேன். அவரு லீவுன்னாங்க. மறுநாளும் லீவுன்னாங்க. ஒரு ஐயா உள்ள கூட்டிக்கிட்டுப் போயி டேப்பப் போட்டு, இது உன் குரல்தானேன்னாரு. என் குரல்தான். என் வார்த்தைதான். நான் என்னத்தச் சொல்ல?"

பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "ஊரே சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்திருச்சு தம்பி. புகையில புத்தி கலங்கி நான்தான் பூட்டிட்டேனோன்னு. செத்ததுல ஒருத்தி என் அக்கா மக."

தட்டைப் பற்றிச் சொன்னேன். அதில் அவர்கள் பேசியது முழுசாக இருக்கிறது என்று சொன்னேன். மெஷினிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார்கள். பிறகு, "அத நான் ஒரு தடவ கேக்கலாமா?" என்றார்கள். இடது காது தீயிலேயே போய்விட்டது. வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது. நான் கத்தித்தான் பேசினேன். அந்தக் காது இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

நானோ வெறுங்கையோடு போயிருந்தேன். தட்டு உன்னிடம் இருக்கிறது. கேட்டுவிட்டாயா? என்ன நினைத்துக்கொண்டாலும் நினைத்துக்கொள், ஆனால் அதை அனுப்பிவை. அவர்கள் காது இருக்கும்போதே அனுப்பிவை.

அண்ணன்

✽

ஏப்ரல் 3

அண்ணாவுக்கு,

நலம். விழா அழைப்பிதழ் இத்துடன். அண்ணியையும் அழைத்து வா.

சின்னவள்

✽

ஏப்ரல் 9

உன் அழைப்பிதழ் கிடைத்தது. தங்க எழுத்து. அப்பாவின் இளவயதுப் போட்டோ, மைக்கின் முன்னால் விரலைத் தூக்கிக்கொண்டு. "மௌனத்தின் மன்னர்" என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் யோசித்துச் சொன்ன பட்டம் இதுதானா?

நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை, ஆகவே விசாரிக்கவில்லை.

நீ தட்டை என்ன செய்தாய் என்று இனிக் கேட்கமாட்டேன். உடைத்திருப்பாய். அல்லது அப்பா கையிலேயே கொடுத்து உடைக்கச் சொல்லியிருப்பாய். உன் அண்ணி என்னைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எச்சில்கை, அழுகிற இடத்தில் கீறல் பார்க்கிற பெரிய மனிதர், வாயில் மென்றுகொண்டே பூட்டுக்காரி என்கிற கடைக்காரர், இவர்களையெல்லாம் அருவருத்தேன். அவர்கள் யாரும் என் கூடப் பிறக்கவில்லை. அழைப்பிதழில் உன் பெயரும் இருக்கிறது, கடைசி வரியில், "அன்புடன் வரவேற்கும்" என்று. அதைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். நிஜமாகவே சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்தம்மாவுக்குப் புதுக் கண்ணாடி செய்துகொண்டு போய்க் கொடுத்தேன். வேறு என்னத்தை எடுத்துக்கொண்டு போவேன்? "தட்டு வந்திருச்சா தம்பி?" என்று கேட்டார்கள். வரும் என்றேன். "பரவால்ல, மெதுவா வரட்டும்" என்றார்கள். நான் சொன்னது காதில் விழவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கிறது.

விழாவுக்கு வரமாட்டேன். அப்பா செத்தால் சொல்லி அனுப்பு.

✽

ஏப்ரல் 21

அண்ணா,

நான் நலம் என்று எழுதினால் பொய். உன்னை விசாரிக்கவும் இன்று எனக்கு அருகதை இல்லை. அண்ணியை மட்டும் விசாரித்ததாகச் சொல்.

தட்டு உடையவில்லை. வந்த அன்றே துணி அலமாரியில், அம்மாவின் பழைய புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கேட்கவில்லை. கேட்டால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் அர்த்தம், இல்லையா? அலமாரியைத் திறக்காமலே ஒரு மாதத்துக்கு மேல் துணி உடுத்தினேன். வெளியில் காய்ந்ததையே மாற்றி மாற்றி. உனக்குக் குளவியைப் பற்றி எழுதினேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று எடுத்துக்கொண்டு அப்பா அறைக்குப் போனேன். அவர் இது பொய் என்று சொல்ல வேண்டும், கோபப்பட வேண்டும், தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும். அதைத்தான் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் அவர் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் நடந்ததைக் கேள்.

அவர் எதிரிலேயே தட்டைப் போட்டேன். நாலு வார்த்தை ஓடியதும் அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "எங்கடி கெடச்சுது இது?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இருமல்கூட நின்றுவிட்டது. நான் ஒன்றும் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்:

"அவனுங்க எழுதி அனுப்பின கேள்வியப் பாக்கணுமே நீ! கடைசியா வெளிய வந்தது யாருன்னு எவனாவது கேப்பானா? உப்புச் சப்பில்லாத கேள்வி. ஸ்டேஷன்ல அத்தனை பேரும் அதையே வாசிடான்னானுங்க. நான்தான் ஒத்தக் கால்ல நின்னு மாத்தினேன். ஊரே ரேடியோப் பெட்டிய விட்டு நகரல தெரியுமா? ஒரு கேள்விம்மா. ஒரே ஒரு கேள்வி!"

நீ எழுதியதை நான் ஊசி வைத்த ஆள் மீதும் மேலதிகாரி மீதும் போட்டேனே, அவர்களெல்லாம் வேண்டாம் என்று சொன்னவர்களாம்.

"அந்தப் பொண்ணு என்னப்பா ஆனா?" என்று கேட்டேன்.

"எந்தப் பொண்ணு?" என்றார்.

நடிக்கவில்லை அண்ணா. நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். நான் தட்டைக் காட்டினேன். "ஓ, இதுவா? வந்திருந்தா பாவம். கையெல்லாம் கட்டு. நான்தான் தண்ணி குடுத்தேன்" என்றார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, அவள் வரவே இல்லை என்பதற்கான சாட்சியைக் கையில் பிடித்துக்கொண்டே, தண்ணீர் கொடுத்ததைச் சொல்கிறார். வாயோரம் ஒழுகியது. துடைத்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குமட்டிக்கொண்டு வந்தது. வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். சளிக் கிண்ணத்துக்கு வராத வாந்தி.

திரும்பி வந்தபோது மேஜை டிராயரைத் துழாவிக்கொண்டிருந்தார். பழைய மஞ்சள் பென்சில் ஒன்றை எடுத்தார். அது நம் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. "வெளியிடுறவனுங்களுக்கு ஊசி எங்க வைக்கணும்னு தெரியாதுடி, சொதப்பிருவானுங்க" என்றார். தட்டை ஓட விட்டார். காதைச் சாய்த்துக் கேட்டார். சட்டென்று விரலால் நிறுத்தி, தட்டைக் கையாலேயே பின்னுக்குச் சுழற்றி, ஒரு கோடு இழுத்தார். டம்ளர் பிடித்தால் பாதி சிந்துகிற கை அது. கோடு நேராக விழுந்தது. இழுத்துவிட்டு, நல்ல மார்க் வாங்கிய பையன் மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

அவர் தூங்கிய பிறகு அந்தக் கோட்டின் மேல் ஊசியை வைத்துப் பார்த்தேன். முதல் வார்த்தை, "நான்தான்."

அதற்குப் பிறகு அந்த மௌனம். நான் சின்ன வயதில் அந்த மௌனத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், என் அப்பாவை மாதிரி உண்டா என்று. இந்தத் தடவை அது முடிந்து, அவள் மேலே பேசினாள். ஜன்னல் வழியாக விழுந்ததைச் சொன்னாள். அம்மா எதற்கு அடுப்படிக்குப் போனாள் என்று நான் இனி உன்னோடு வாதாடமாட்டேன். அடுப்பில் ஒன்றும் இருந்திருக்காது.

மறுநாள் நிலையத்து அதிகாரிகளை வரவழைத்துத் தட்டைப் போட்டேன். பெரியவர் முழுசாகக் கேட்டுவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். "மேடம், இதையெல்லாம் இப்ப கிளறணுமா? அந்தம்மாவை இன்னைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு? நாங்க பழைய டேப்பையே வெச்சு முடிச்சிடுறோம். கல்வெட்டு வேற வெட்டியாச்சு" என்றார். சலவைக்காரர்கள் தெருவில் போய் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேளுங்கள், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது என்றேன். டேப் என் பெட்டியில் இருக்கிறது. சம்மதக் கடிதம் கிடையாது. விழாவும் கிடையாது. போகும்போது வாசலில் ஒருவர் இன்னொருவரிடம், "என்ன பொண்ணு இது, பெத்த அப்பனுக்கே" என்றது கேட்டது. கேட்கட்டும் என்றே சொன்னார்.

அப்பா தினமும் பல்செட்டை மாட்டிக்கொண்டு, விழா என்றைக்கு என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். மறந்துவிட்டு மறுபடி கேட்கிறார். இன்று காலையும் அவர் வாயைத் துடைத்தேன். துடைக்காமல் விட்டுவிட முடியாது, வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைக்கிறேன்.

தட்டை நீ கட்டி அனுப்பிய அதே பலகைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். அந்தம்மா இருப்பது இதே ஊர்தான், ஆனால் இதை ஒளித்து வைத்திருந்த நான் அந்த வாசலில் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. இது கிடைத்த அன்றே கிளம்பு. தட்டு ஓட்டும் பெட்டியை அந்தம்மாவின் வலது காதுப் பக்கம் வை. சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும், கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை என்றாயே. ஊருக்குத் தெரிய வேண்டுமா, எந்தப் பத்திரிகைக்குக் கொடுப்பது, அதையெல்லாம் அவர்களே சொல்லட்டும். அவர்கள் வாயில் நம் குடும்பம் இன்னொரு வார்த்தை வைக்க வேண்டாம்.

வழியில் கொஞ்சம் தூசி படிந்திருக்கும். உனக்குக் கை பரபரக்கும். அந்தக் கோட்டை மட்டும் இந்தத் தடவை துடைத்துவிடாதே அண்ணா.

சின்னவள்